பம்புசெட்டா, பம்பு ஷெட்டா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 4

“பம்புசெட்டில் குளித்தோம்” என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். செட் என்றால் தொகுதி. தொகுதியில் எப்படிக் குளிக்க முடியும்? மோட்டார் இருக்கும் கொட்டகைக்கு ஷெட் என்று பெயர். அந்த ஷெட்தான் கிராமத்து வாயில் செட்டு ஆகியிருக்கிறது. பம்பு ஷெட் என்று திருத்தி எழுதுவதுதானே முறை?

ஜூன் 4, இரவு

திருத்த வேண்டியதில்லை. பம்புசெட் என்பது கடைக்காரர் பில்லில் எழுதுகிற பெயர். தண்ணீரை இழுக்க ஒரு பம்பு, அதைச் சுற்றவைக்க ஒரு மோட்டார் அல்லது ஆயில் இஞ்சின். இரண்டையும் சேர்த்துப் பூட்டி ஒரே சாமானாக விற்றபோது வந்த பெயர். ஐந்து எச்.பி. பம்புசெட், ஏழரை எச்.பி. பம்புசெட் என்று கேட்டுத்தான் வாங்குவோம். கொட்டகையை யாரும் எச்.பி. கணக்கில் வாங்குவதில்லை.

குளித்தது பற்றி: பைப்பில் குளித்தேன் என்றால் பைப்புக்குள் இறங்கிக் குளித்ததாக யாரும் நினைப்பதில்லை. சாமானின் பெயர் அது இருக்கும் இடத்துக்கும் வந்துவிடும். அவ்வளவுதான்.

ஜூன் 5, காலை

ராத்திரி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். கல்லணைக் கால்வாய்ப் பாசனம். நாங்கள் புதாறு என்போம். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்ப முடியாத கடைமடை என்பதால் வீட்டுக்கு வீடு போர் உண்டு, மோட்டார் உண்டு. எங்கள் வீட்டில் காதில் விழுந்த வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன். “செட்டு சாவி எங்க?” “செட்டுல பாம்பு அடைஞ்சிருக்கு.” “செட்டு மேல கீத்து மாத்தணும்.” மூன்றிலும் மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. கொட்டகைதான் இருக்கிறது. மோட்டாருக்குச் சாவி கிடையாது, கீற்றும் கிடையாது.

சைக்கிள் செட்டு, கார் செட்டு என்றும் சொல்கிறோமே. அவையெல்லாம் ஷெட்தான். ஷாமியானா சாமியானா ஆனது, ஷிப்டு சிப்டு ஆனது. ஷெட் செட்டு ஆவதற்கு என்ன தடை? ஆகவே கேள்வி கேட்டவர் சொல்வதில் பாதி சரி. எங்கள் ஊர் வாயில் ஒரே சத்தத்துக்குள் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன.

ஜூன் 5, மாலை

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். இந்தச் சொல்லால் பெரியப்பாவுக்கு ஒரு அவமானம் நேர்ந்தது. அந்த மனுவை எழுதியவன் நான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் கிடந்த கிடப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரியப்பா தோப்பில் இரண்டு மரம் மோட்டார் கொட்டகைமேல் குறுக்கே விழுந்தது. சிமென்ட் ஷீட்டு நொறுங்கிச் சுவரும் சரிந்தது. ஸ்டார்ட்டர் பெட்டி மண்ணுக்குள் போய்விட்டது. மோட்டார் போருக்குள் இருந்ததால் தப்பித்தது.

நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பெரியப்பா வாயால் சொன்னதை அப்படியே எழுதினேன்: “மோட்டார் செட் முழுவதும் சேதம்.” ஒரு வாரம் கழித்துப் பார்வையிட வந்தார்கள். அதற்குள் பெரியப்பா ஸ்டார்ட்டரைத் துடைத்துக் காயவைத்து, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, மிச்சம் இருந்த கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் கையில் மனு. முன்னால் தண்ணீர் கொட்டுகிறது. “மோட்டார் செட் முழுச் சேதம்னு எழுதியிருக்கீங்க. ஓடுதே பெரியவரே?” என்றார். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பெரியப்பா இடிந்த சுவரைக் காட்டி, “செட்டு இதுங்க” என்றார். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். என்ன எழுதினார் என்று பின்னால் தெரிந்தது: “ஆய்வின்போது மோட்டார் இயங்கும் நிலையில் இருந்தது.”

பெரியப்பா வாழ்நாளில் யாரிடமும் பொய்க்காரர் என்று பெயர் வாங்கியதில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது மனுவில் “மோட்டார் கொட்டகை” என்று எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் அவர் விழுந்த தென்னையின் மட்டையை வைத்தே கீற்று முடைந்து கொட்டகையை வேய்ந்துவிட்டார்.

நான் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். எனக்கு அந்த நேரத்தில் உறைத்திருக்க வேண்டும்.

ஜூன் 7

அகராதி பக்கம் போவோம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு இந்தச் செட்தான். 430 பொருள்கள், அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்புக்கான வேலையில் ரன் என்ற வினைச்சொல் அதைத் தாண்டிவிட்டது. 2011 வாக்கில் அதற்கு 645 பொருள் எண்ணியிருந்தார்கள். எனக்கு ரன்மேல் அக்கறை இல்லை. தமிழுக்குள் அது கிரிக்கெட்டோடு நின்றுவிட்டது. செட் வயலுக்குள், அடுப்படிக்குள், கல்யாணப் பந்தலுக்குள் வந்திருக்கிறது.

அதன் மூலம் சிட், அதாவது உட்கார். பழைய ஆங்கிலத்தில் செட்டான் என்றால் உட்காரவை. ஒன்றை ஓர் இடத்தில் உட்காரவைப்பது என்ற ஒரே எண்ணத்திலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைத்தன.

ஷெட்டையும் தேடினேன். அது ஷேட், நிழல் என்ற சொல்லின் வட்டாரத் திரிபு என்று கருதுகிறார்கள். நிழல் தரும் சின்னக் கூரை. பெரியப்பாவின் கீற்றுக் கொட்டகைக்கு இதைவிடப் பொருத்தமான பேர் வேண்டாம்.

ஜூன் 7, இரவு

மேலே “மற்ற எல்லாம்” என்று எழுதியது தவறு. வினைச்சொல்லுக்கு மட்டும்தான் அது பொருந்தும். தொகுதி, கூட்டம் என்று பொருள்படும் பெயர்ச்சொல் வேறு வழியாக வந்திருக்கிறது. லத்தீனில் செக்டா என்றால் ஒருவர் பின்னால் போகிறவர்கள், ஒரே வழிக்காரர்கள். அது பிரெஞ்சில் செட் ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு செட் உட்கார்ந்திருந்தது. ஒலி ஒன்றாக இருந்ததால் இரண்டும் கலந்துவிட்டன. “சேர்த்து வைக்கப்பட்டவை, ஆகவே செட்” என்று அவர்களே நினைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் ஊர் செட்டும் ஷெட்டும் கலந்தது போலவே அவர்கள் ஊரில் முன்பே நடந்திருக்கிறது. இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. பெரியப்பா ஒன்றும் புதிதாகத் தப்பு பண்ணவில்லை.

இன்னொன்று. “நம்ம செட்டுப் பசங்க”, “அவன் எங்க செட்டு” என்கிறோமே, கூடவே படித்து, கூடவே ஊர் சுற்றியவர்களை. அதுதான் அந்தப் பெயர்ச்சொல்லின் ஆதிப்பொருளுக்கு மிக அருகில் இருப்பது. ஒரே வழிக்காரர்கள்.

ஜூன் 8

பல்செட் விட்டுப்போச்சு. தாத்தா ராத்திரி டம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பார். எங்களுக்கு அந்த டம்ளர் பக்கம் போகவே பயம்.

ஜூன் 9

உட்காரவைப்பது என்று எழுதியதிலிருந்து ஒன்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. இன்று விடிகாலை பிடிபட்டது. தமிழில் அமர், அமர்த்து. சிட், செட் போலவே. அமர் என்றால் தானாக உட்காருவது, அமர்த்து என்றால் உட்காரவைப்பது. ஆள் அமர்த்துகிறோம், வண்டி அமர்த்துகிறோம். எங்கள் அப்பாயி விளக்கை அணை என்று சொல்ல மாட்டார், “வெளக்க அமத்துடா” என்பார். அணை என்பது அவருக்கு அமங்கலம். விளக்கு உட்கார்ந்து ஓய்வெடுக்கப் போகிறது, காலையில் எழும். ஆங்கிலத்தில் சூரியனுக்கு இந்தச் செட்டைத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் வை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் செட் வரும் இடங்களை எழுதி, பக்கத்தில் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று எழுதினேன். தீ வைக்கிறோம். பொறி வைக்கிறோம். வாசலில் கால் வைக்கிறோம். விலை வைக்கிறோம். அலாரம் வைக்கிறோம். ஒன்றின்மேல் மனசு வைக்கிறோம். இத்தனையிலும் அவர்கள் செட் என்கிறார்கள், நாம் வை என்கிறோம். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை.

கோழி விஷயம் இன்னும் அழகு. முட்டைமேல் கோழியை உட்காரவைப்பதற்கு அவர்கள் சொல்வதும் செட்தான். ஒரு தடவை அப்படி வைக்கிற முட்டைகளுக்கு செட்டிங் என்றே பெயர். நாம் அடை வைப்பது என்கிறோம். சாயங்காலம் கூட்டுக்குள் கோழி போனால் “கோழி அடைஞ்சிருச்சு.” சூரியன் போனால் “பொழுது அடைஞ்சிருச்சு.” அங்கேயும் கோழிக்கும் சூரியனுக்கும் ஒரே சொல், இங்கேயும் ஒரே சொல்.

வகுப்பில் செட் என்ற சொல்லுக்கு முப்பது பொருள் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். வை என்று ஒரு சொல் போதுமாக இருந்தது. பாதிப் பிள்ளைகள் வீட்டில் கோழி இருக்கிறது.

ஜூன் 10

வாலிபால் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், அதில் இரண்டு செட் இருக்கிறது. ஆட்டத்தின் பகுதி ஒன்று: ஐந்தில் மூன்று செட் ஜெயிக்க வேண்டும். பந்தை வலைக்கு மேலே அடிப்பவனுக்கு வாகாகத் தூக்கிக் கொடுப்பது இன்னொன்று. நாங்கள் ஆடியபோது அப்படித் தூக்கிக் கொடுப்பவனை லிப்டர் என்போம். இப்போதைய பிள்ளைகள் செட்டர் என்கிறார்கள். பந்தை அந்தரத்தில் ஒரு கணம் உட்காரவைப்பவன். செட்டுக்கு 15 புள்ளி.

ஜூன் 10, இரவு

என் தம்பி மகன் உடனே திருத்துகிறான். 15 புள்ளி என்பது நாங்கள் ஆடிய காலத்துக் கணக்கு. அப்போது சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் புள்ளி வரும். இப்போது எந்தப் பக்கம் சர்வீஸ் போட்டாலும் புள்ளி உண்டு. முதல் நான்கு செட் 25 வரை, ஐந்தாவது மட்டும் 15. சரி.

ஜூன் 12

இன்று மேட்டூர் திறக்கிற தேதி. அப்பா இருந்தவரை இந்த நாளில் வீட்டில் வேறு பேச்சு இருக்காது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஓட்டலில் “ஒரு செட் பூரி” என்றால் இரண்டு. சப்பாத்தியும் இரண்டு. செட் தோசை என்று போர்டு போட்ட இடத்தில் மூன்று வந்தது. வளையல் கடையில் ஒரு செட் என்றால் கைநிறைய. ஆகவே செட்டுக்கு எண்ணிக்கை கிடையாது. ஒரு ஆளுக்கு, ஒரு கைக்கு, ஒரு வேளைக்குப் போதுமானது எதுவோ அது செட்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக்கடையில் கேட்பது: டபரா செட். டம்ளர் ஒன்று, டபரா ஒன்று. டம்ளர் தொலைந்தால் டபராவில் காபி குடிக்கலாம், ஆனால் அது டபரா செட் இல்லை. ஆற்றிக் குடிக்க இரண்டும் வேண்டும். ஜோடி என்று ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். ஜோடி என்றால் ஒரே மாதிரி இரண்டு: செருப்பு, காளை, கம்மல். செட்டில் இருப்பவை ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. ஒன்று இல்லாமல் மற்றதுக்கு வேலை ஓடாது, அதுதான் கணக்கு. பம்பும் மோட்டாரும் அப்படி. மைக்செட்டும் அப்படி: மைக், ஆம்ப்ளிபயர், குழாய், ஒயர். திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டியாச்சா என்று கேட்பார்கள், அதில் ரேடியோவே இருக்காது.

செட்டாப் பாக்ஸ் என்பதில் வரும் செட் டிவி செட். அதன் தலைமேல் வைக்கிற பெட்டி. இப்போதைய டிவி தலைமேல் ஒரு தீப்பெட்டிகூட நிற்காது.

ஜூன் 13

டபரா பற்றி எழுதியதைப் படித்த ஒருவர், மேளம் செட்டை மறந்துவிட்டீர்களே என்கிறார். தஞ்சாவூர்க்காரன் மறக்கலாமா. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த மண்.

பெரிய மேளம் என்றால் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், ஒத்து. ஒத்து இருந்த இடத்தில் இப்போது சுருதிப்பெட்டி. கல்யாணம் பேசும்போது “எத்தனை செட்டு மேளம்?” என்று கேட்பது வழக்கம். தங்கை கல்யாணத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள், தாளம் போடுகிற பையனை மட்டும் காணோம். பஸ் தவறிவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாகிறது, பெரியவர்கள் பறக்கிறார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டே, “செட்டு சேரட்டுங்க” என்றார். அவர் கையில் வாத்தியம் இருக்கிறது, தவில் ரெடி. தாளம்தானே என்று எங்களுக்குத் தோன்றியது. அவர் அசையவில்லை. பையன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி, ஜால்ராவை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். அதற்கப்புறம்தான் சீவாளி வாய்க்குப் போனது.

ஜூன் 14

செட்டாகாது.

இது ஆங்கிலத்தில் கிடையாது. “எனக்கும் அவனுக்கும் செட்டாகாது”, “இந்த ஊர்த் தண்ணி செட்டாகலை”, “அந்தக் கலர் உனக்கு செட்டாகுது” என்று நாம்தான் சொல்கிறோம். சென்னையில் இருப்பவரும் சொல்கிறார், வேதாரண்யத்தில் இருப்பவரும் சொல்கிறார். எங்கிருந்து வந்தது? இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, ஒரு செட்டாகச் சேராது. இன்னொன்று, கொத்தனார் சொல்வது: கலவை செட்டாகணும். சிமென்ட் இறுகுவதற்கும் ஆங்கிலத்தில் செட்தான். நம் நாட்டுச் சிமென்ட் விதியில் அதற்கு நேரமே குறித்திருக்கிறார்கள்: அரை மணிக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடிந்திருக்க வேண்டும். மனிதர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். எங்கள் வீட்டுக்கு வாழவந்த மதுரைப் பெண்ணுக்கு இந்த ஊர்ப் புழுக்கமும் கொசுவும் செட்டாக மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது அம்மா வீட்டுக்குப் போனால் நான்காம் நாளே திரும்பிவிடுகிறாள்.

எங்கள் அப்பா தலைமுறை “சூட்டாகாது” என்பார்கள். சூட் என்ற ஆங்கிலச் சொல்லும் பின்தொடர்வது என்ற அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது. செக்டாவுக்கு அது தங்கை முறை. நாம் அக்காவை விட்டுவிட்டுத் தங்கையைப் பிடித்திருந்தோம், இப்போது அக்காவிடம் வந்திருக்கிறோம்.

செட்டப் வேறு. அதில் ஏமாற்று வாடை உண்டு, இரண்டு மொழியிலும். அதை விடுகிறேன்.

ஜூன் 16

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, “செட்டா குடும்பம் நடத்துறதுன்னு எங்காத்தா சொல்லுமே, அது எந்த இங்கிலீசு?” என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. கட்டும் செட்டுமாக. சிக்கனமும் செட்டும். இது இங்கிலீசே இல்லை. செட்டு நம் சொல். வியாபாரம் என்று ஒரு பொருள், வீண் இல்லாமல் கணக்காக இருப்பது என்று ஒரு பொருள். செட்டி என்ற பெயரோடு சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலும் இந்தச் செட்டு இருக்கிறது. பன்னிரண்டு நாளாக நான் அந்தச் சொல்லின் வாசலிலேயே நின்றுகொண்டு ஆக்ஸ்போர்டு பக்கம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஜூன் 5 காலை எழுதியதைத் திருத்துகிறேன். எங்கள் ஊர் செட்டுக்குள் இரண்டு சொல் இல்லை, மூன்று. மூன்றாவது முதலிலிருந்தே இங்கே இருந்தது. “அவ வீடு செட்டா இருக்கும்” என்று இன்றைக்கு ஒரு பெண் சொன்னால் அது எந்தச் செட்டு? சிக்கனமா, எல்லாம் அதனதன் இடத்தில் வைக்கப்பட்டதா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிரிக்க வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை.

ஜூன் 17

கணக்கு வாத்தியார் நண்பர் ஒருவர் அனுப்பியது. செட்டுக்குப் பாடப்புத்தகத்தில் கணம். ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடமே கண மொழி. கணமும் இரண்டு சொல் கலந்தது என்கிறார். கூட்டம் என்ற கணம் ஒன்று: பூதகணம், கணபதி. க்ஷணம் தேய்ந்த கணம் இன்னொன்று: கண் இமைக்கும் நேரம். இலங்கையில் செட்டுக்குத் தொடை என்று எழுதுகிறார்கள். அதிலும் பூத்தொடை, செய்யுளில் எதுகை மோனைத் தொடை, காலில் இருக்கும் தொடை என்று மூன்று.

வாலிபால் பற்றி எழுதும்போது “ஒரு கணம் உட்காரவைப்பவன்” என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். எழுதும்போது எனக்குத் தெரியாது.

ஜூன் 18

செட்டில் என்பதைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: அதுவும் அதே உட்காரும் குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் செட்ல் என்றால் இருக்கை. பையன் துபாயில் செட்டில் ஆனதும், பத்திரப் பதிவில் தான செட்டில்மென்ட் எழுதுவதும் அங்கிருந்து வந்தவை. தமிழ் எழுத்தில் மட்டும் ஒரு சங்கடம். “பம்புசெட்டில் இருக்கிறான்” என்பதில் அந்தச் செட்டில் வேறு, நம் இல் உருபு. ஒரு மாணவன் அதைப் படித்துவிட்டு “பம்பு செட்டில் ஆகிவிட்டதா சார்?” என்று கேட்டான். நல்ல கேள்வி.

ஜூன் 21

கல்லணை திறந்து புதாற்றில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. நீரோட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் போக்குக்கும் ஆங்கிலத்தில் செட் என்றுதான் பெயர், கடலோடிகள் சொல்வது. இதோடு எத்தனை ஆயிற்று என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கேள்வி கேட்டவர் மறுபடியும் கேட்டிருக்கிறார்: முடிவாக எப்படி எழுதுவது? பம்புசெட் என்றே எழுதுங்கள். குளித்தாலும், தூங்கினாலும், பாம்பு அடித்தாலும் பம்புசெட்டு. மனு எழுதும்போது மட்டும் கொட்டகையைக் கொட்டகை என்றும் மோட்டாரை மோட்டார் என்றும் எழுதுங்கள். அதை நான் 2018-இல் செய்யவில்லை.

ஜூன் 22

பெரியப்பா காலையில் போன் பண்ணினார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கிறாராம், ஆறு வருகிறவரை காத்திருக்க முடியாது என்றார். “செட்டுக்கு வாடா.”

இத்தனை நாள் எழுதியதைச் சொல்லாமல் கேட்டேன். “எந்தச் செட்டு பெரியப்பா, மோட்டாரா கொட்டாயா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. புயல் மனுவை நினைத்துக்கொண்டாரோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. அப்புறம் சொன்னார்: “மோட்டார் ஒரு எடத்துலயும் கொட்டாய் ஒரு எடத்துலயுமாடா இருக்கு? வரும்போது டீ வாங்கிட்டு வா.”